ஈடு என்னும் சொல்: சாலை விபத்தும் நியாயமான நஷ்டஈடும்



நாளிதழ்களின் நினைவஞ்சலிப் பகுதியைப் புரட்டுகின்றவர்கள் 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்னும் தொடரைக் காணாத நாள் இராது. துக்கத்தில் இருப்பவர் அவ்வாறு சொல்லும்போது அதில் பொய்யேதும் இல்லை. ஆனால் சாலை விபத்தொன்றில் ஒருவர் மாண்டுபோனால், அதே குடும்பத்தார் சில மாதங்களுக்குள் ஒரு நீதிமன்றத்தின் படியேறி, ஈடு செய்ய இயலாத அவ்விழப்புக்கு இன்ன தொகை ஈடாகும் என்று மனுவில் எழுதிக் கையொப்பமிட வேண்டியவராகின்றனர். நீதிபதியும் அத்தொகை குறைவா, மிகையா என்று கணக்கிட்டுத் தீர்ப்பெழுத வேண்டியவராகிறார். நம் மொழியில் ஈடு என்பது நிகரையும் குறிக்கும், அடகையும் குறிக்கும், கொடுத்துத் தீர்க்கவேண்டியதையும் குறிக்கும். வைணவ ஆசாரியர்கள் திருவாய்மொழியின் வியாக்கியானம் ஒன்றையே ஈடு என்ற பெயரால் போற்றி வருகின்றனர். இத்தனை கனமான சொல்லை எடுத்து நஷ்டம் என்பதனோடு சேர்த்துவிட்ட நம் முன்னோர், பிச்சை என்றோ, உதவி என்றோ, கருணைத் தொகை என்றோ அதை அழைக்கவில்லை. கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன் என்பதே அதன் உட்பொருள் என்பது என் துணிபு. இன்றைய சொற்பொழிவில் நான் நிலைநாட்ட விரும்புவதும் அதுவே.

இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் முதல் எங்கிருந்து வந்தது என்பதை உங்களில் பலர் அறியமாட்டீர்கள். அதை நிறுவிய பெரியவரின் மகன் ஓர் இரவில், எதிர்த்திசையில் வந்த கார் மோதி உயிர்நீத்தார். வழக்கு ஏழாண்டு நடந்து தீர்ந்தபோது வந்த தொகையைத் தம் செலவுக்கென்று தொட மனமில்லாத அந்தத் தந்தை, அதில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை சாதாரண ஜனங்களுக்குப் பயன்படும் சட்டப் பேச்சு ஒன்று நடக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த வழக்கில் அவருக்கு வக்கீலாக இருந்தவன் நான். ஆதலால் இம்மேடையில் நிற்கும் தகுதியைப் பற்றி எனக்கு ஐயம் இருப்பினும், கடமையைப் பற்றி ஐயமில்லை.

மனித உயிரின் இழப்புக்கு ஈடு கேட்கலாம் என்பது சட்டத்தில் வெகு காலமாக இருந்துவரும் கொள்கை அன்று. 1808இல் இங்கிலாந்தில் ஒரு கணவனும் மனைவியும் குதிரைகள் இழுத்த பயண வண்டியின் மேல்தட்டில் அமர்ந்து சென்றபோது வண்டி கவிழ்ந்தது. கணவனுக்குச் சிராய்ப்புக் காயங்கள், மனைவிக்குக் கடுங்காயம். ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து அந்த அம்மாள் இறந்துபோனார். வழக்கை விசாரித்த எல்லன்பரோ பிரபு, மனிதர் ஒருவரின் மரணம் உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிடத்தக்க நஷ்டமாகாது என்று சொல்லி, கணவனின் காயங்களுக்கும், மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாத காலம் அவள் துணையை அவன் இழந்ததற்கும் மட்டுமே ஈடு உண்டு என்று முடித்துவிட்டார். அவள் மூச்சு நின்ற நாளோடு கணவனின் நஷ்டமும் நின்றுவிட்டது என்பதே அதன் தாத்பரியம். காயப்படுத்தினால் பணம் கொடுக்க வேண்டும், கொன்றுவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்னும் இந்த விபரீதம் அந்நாட்டில் 1846 வரை நீடித்தது. இருப்புப் பாதைகள் பெருகி, விபத்துக்களும் பெருகிய பின்னரே பாராளுமன்றம் அதை மாற்றியது. அந்தச் சட்டத்தின் சாயலில் நம் நாட்டிற்கு 1855இல் ஒரு சட்டம் வந்தது. மோட்டார் வாகனம் இந்த மண்ணில் உருள்வதற்கு முன்னரே வந்த அச்சட்டத்தின் நிழலில்தான் நம் பாட்டனார் காலத்து விதவைகள், முத்திரைக் கட்டணம் கட்டிச் சிவில் கோர்ட்டில் அசல் வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டபோது, இவ்வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி பிறந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு 2019இல் வந்த பெருந்திருத்தமும் ஆகும். அச்சட்டத்தின் 168ஆம் பிரிவு தீர்ப்பாயத்திற்கு இட்டிருக்கும் கட்டளையின் சாரம், நியாயமானது எனத் தோன்றும் நஷ்டஈட்டை வழங்குக என்பதே. மனுதாரர் கேட்டது குறைவாயினும், நியாயம் அதற்கு மேற்பட்டதாயின் மேற்பட்டதையே வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவுபடுத்தியது.

தண்டனை வேறு, ஈடு வேறு என்பதை நம் ஜனங்கள் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. திருவாரூர்த் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசுவின் கதையை நாமெல்லாரும் குழந்தைப் பருவம் முதல் கேட்டிருக்கிறோம். அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்ற இடத்தில் நம் மெய் சிலிர்க்கிறது. அத்தோடு கதை முடிந்திருந்தால் பசுவின் மடிக்கு வந்து சேர்ந்தது என்ன? இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பிக் கொடுத்தான் என்று புராணம் தொடர்ந்து சொல்வதன் காரணம், இந்தக் கேள்வி அதைப் பாடிய பெரியவரின் நெஞ்சையும் உறுத்தியதுதானோ என்று நான் எண்ணுவதுண்டு. நம் நாளில் காரோட்டியைச் சிறைக்கு அனுப்புவது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. குடும்பத்தின் அடுப்பை எரியவைப்பது தீர்ப்பாயத்தின் வேலை. குற்றவழக்கில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்னும் நிகழ்தகவே போதுமானது. தமிழ்நாட்டில் ஒரு பேருந்து, இருட்டிய பின், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசி எட்டுப் பேர் அந்த இடத்திலேயே மாண்ட வழக்கில், ஓட்டுநர் குற்றவழக்கில் விடுதலையானபோதிலும் ஈடு கொடுக்கும் பொறுப்பு ஓயவில்லை என்று 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஆதலால், 'கிரிமினல் கேஸ் போயிடுச்சு, இனி ஒண்ணும் கிடைக்காது' என்று ஊரில் எவரேனும் சொன்னால், அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி, வழக்கு உண்மையில் எங்கே வெல்லப்படுகிறது, எங்கே தோற்கப்படுகிறது என்பதைச் சொல்லவேண்டும். நீதிமன்றத்தில் அன்று. அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு வெளியே உள்ள நடைக்கூடத்தில், முதல் மூன்று நாட்களில். அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே காயப்பட்டவர் கிடக்கிறார். வெளியே அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுத்துணியையும் பிளாஸ்கையும் வைத்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்திருக்கிறாள். கார்க்காரர் தரப்பில் இருவர் வருகின்றனர். அவர்கள் முரடர்கள் அல்லர். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறார்கள். 'அம்மா, நடந்தது நடந்துபோச்சு. கேஸு கோர்ட்டுன்னு அலைஞ்சா யாருக்கும் லாபமில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை வெச்சுக்கங்க' என்று இருபதாயிரம் ரூபாயைக் கவரில் நீட்டி, எழுதப்படாத வெள்ளைத்தாள் ஒன்றில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகின்றனர். அந்தத் தாளில் பின்னர் என்ன எழுதப்படும் என்பதை அவளால் அறிய இயலாது. அந்தக் காருக்குக் காப்பீடு இருக்கிறது, மூன்றாம் தரப்பினர்க்கான காப்பீடு இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் பொதுச்சாலையில் ஓடக்கூடாது என்று 146ஆம் பிரிவு சொல்கிறது, ஈட்டைக் கொடுக்கப்போவது பெரும்பாலும் கார்க்காரரின் பை அன்று, அவர் பிரீமியம் கட்டிய கம்பெனியே என்பதெல்லாம் அந்த நடைக்கூடத்தில் அவளுக்கு எடுத்துச்சொல்ல ஒருவருமில்லை. கார்க்காரருக்கும் அது தெரியாதிருப்பதை நான் கண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் அவரே புகார் கொடுக்கச் சொல்லியிருப்பார்.

எனவே, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகவேண்டும். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று அவ்வறிக்கைகளில் வழக்கமாக எழுதப்படும் தொடர் வெறும் சம்பிரதாயம் அன்று. எவர் அஜாக்கிரதை என்பதன்மேல்தான் முழு வழக்கும் நிற்கிறது. மருத்துவமனையில் சேர்த்தவுடன் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், 'கார் மோதியது' என்று இருக்கவேண்டிய இடத்தில், உடன் வந்தவர் பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொல்ல, அவ்வாறே பதிவாகி, பின்னர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு, தானே விழுந்தார் என்று வாதிட்ட வழக்குகள் பல. வண்டிகளை அப்புறப்படுத்துமுன் எடுத்த ஒரு கைப்பேசிப் படம், கடைவாசல் காமிராவின் பதிவு, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் பெயரும் எண்ணும், இவற்றின் மதிப்பு நான் செய்த எந்த வாதத்தையும்விடப் பெரிது.

2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகள் காவல்துறையின் மேலும் கம்பெனியின் மேலும் சில கடமைகளைச் சுமத்தியிருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் காவலர் தீர்ப்பாயத்திற்கு முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் அனுப்பவேண்டும். கம்பெனி தானாகவே ஒரு தொகையை முன்வைக்கவும் வழியுண்டு. யார் பிழை என்று பாராமலே மரணத்திற்கு 5 லட்சமும், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சமும் பெறலாம் என்று 164ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், பிழையை நிரூபித்துப் பெறக்கூடிய பெருந்தொகைக்கான மனு அத்துடன் இல்லாமற்போகும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. ஆகையால் கைக்கு வந்ததை வாங்கிக்கொள்ளுமுன் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். இடித்துவிட்டு அடையாளம் தெரியாமல் ஓடிய வண்டியாயின், மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அரசின் திட்டத்தில் உண்டு. மனுவை ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்யவேண்டும் என்று இப்போதைய சட்டம் வரம்பிட்டிருக்கிறது. அவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டிருப்பினும், அதை நம்பிக் காலங்கடத்துவது புத்திசாலித்தனம் அன்று. மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை. தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பலரும் லாட்டரிச் சீட்டைப் போல நினைக்கிறார்கள். அது அப்படியன்று. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணையும், 2017 அக்டோபரில் அரசமைப்பு ஆயம் அதை உறுதிசெய்து சேர்த்தவையும் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு பள்ளிக்கூடக் கணக்காகவே அதைச் செய்துவிட்டன. விளக்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன்.

அவர் மதுரையில் ஒரு தையற்காரர். வயது நாற்பத்திரண்டு. சைக்கிளில் கடைக்குப் போகும்போது, பக்கத் தெருவிலிருந்து ஹாரன் அடிக்காமல் திரும்பிய கார் வலது காலில் ஏறியது. கணுக்கால் மூட்டு இறுகிப்போய், பாதம் மேலும் கீழும் அசையாமல் நின்றுவிட்டது. மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் ஊனம் 30 விழுக்காடு. மாத வருமானம் பன்னிரண்டாயிரம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. சொந்தத் தொழில் செய்பவர், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் என்பதால், வருங்கால உயர்வுக்காக நான்கில் ஒரு பங்கு கூட்டினால் பதினைந்தாயிரம், ஆண்டுக்கு 1,80,000. அவர் வயதுக்கு அட்டவணை கூறும் பெருக்கெண் 14. ஆக 25,20,000 ரூபாய். இதில் 30 விழுக்காடு எனில் 7,56,000. கம்பெனியின் வக்கீல் அத்தோடு நிற்கவேண்டும் என்றார். சான்றிதழ் உடம்பின் ஊனத்தைச் சொல்கிறது. பிழைப்பின் ஊனத்தை அது சொல்வதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்த்திருக்கிறது. பாடகருக்குக் கால் போவதும், தபால்காரருக்குக் கால் போவதும் ஒரே நஷ்டமாகுமா?

குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார், 'தையல் கையால் செய்கிற வேலைதானே? கை நன்றாகத்தானே இருக்கிறது?' தையற்காரர், 'கை நல்லாத்தான் இருக்குங்க ஐயா. மிஷினை ஓட்டுறது கால்தானுங்களே' என்றார். 'இப்போது மோட்டார் வைத்த மிஷின் வந்துவிட்டதே?' என்று அடுத்த கேள்வி. அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சாட்சிக் கூண்டின் அடிக்கட்டையின்மேல் வலது பாதத்தை வைத்து, அமுக்கிக் காட்ட முயன்றார். முழங்கால் அசைந்தது, தொடை அசைந்தது. பாதம் பலகையைப் போல அப்படியே இருந்தது. 'மோட்டாருக்கும் மிதிக்கத்தானுங்க வேணும். எவ்வளவு மிதிச்சா எவ்வளவு ஓடணும்னு பாதத்துக்குத்தான் தெரியும்' என்றார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, இருக்கையிலிருந்து சற்று எழுந்து பார்த்தார். தீர்ப்பில் பிழைப்பின் ஊனம் 60 விழுக்காடு என்று கண்டு, அந்த ஓர் இனத்திலேயே 15,12,000 வழங்கினார். வலி, மருத்துவச் செலவு, படுக்கையில் கிடந்த மாதங்களின் வருமானம், உடனிருந்து பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பு ஆகியவை அதற்கு மேல். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் சேர்ந்தது. நம் மாநிலத் தீர்ப்பாயங்களில் அது பெரும்பாலும் ஏழரை விழுக்காடாக இருந்து வருகிறது.

மக்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் சில சந்தேகங்களுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். எல்.ஐ.சி. பணம் வந்திருந்தால் ஈட்டில் கழிப்பார்களா என்பர். கழிக்கமாட்டார்கள், அது இறந்தவர் தாமே கட்டிவந்த பணத்தின் பலன் என்று 1998இலேயே தீர்ந்துபோன விஷயம். காரோட்டியிடம் லைசென்ஸ் இல்லை, கம்பெனி கைவிரிக்கிறது என்பர். முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் கம்பெனிக்கு உத்தரவிட முடியும். லோக் அதாலத்தில் முடிக்கலாமா என்பர்; முடிக்கலாம், விரைவில் பணம் வரும்; ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதை அறிந்து கையொப்பமிட வேண்டும். இவை போதும்.

இறுதியாக, என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும்.

1990களின் பிற்பகுதியில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையை அழைத்துவரப் போன ஒரு பெண்மணி, பின்னாலிருந்து வந்த கார் மோதி இறந்துபோனார். கணவர் ஒரு மில் தொழிலாளி. மனு தயாரிக்கும்போது என் குமாஸ்தா அவரிடம், 'அம்மாவுக்கு வருமானம் என்ன?' என்று கேட்க, அவர், 'வருமானம் ஏதுங்க, வீட்டுலதான் இருந்தா' என்றார். வருமானம் என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதப்பட்டது. நான் படித்தேன், கையொப்பமிட்டேன். அந்நாளில் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வருமானமில்லாதவர்க்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் என்றும், மனைவியாயின் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும் கணக்குச் சொல்லியது. அந்த அளவில்தான் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு நகலை வாங்க வந்த அன்று அவர் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். மனைவி போன பிறகு வீட்டிற்கு ஆன செலவையெல்லாம் அதில் எழுதிவைத்திருந்தார். சமைக்க வரும் அம்மாளுக்கு இவ்வளவு. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் ஆட்டோவுக்கு இவ்வளவு. துணி துவைக்க, வயதான தாயைக் குளிப்பாட்ட, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர, ரேஷன் கடை வரிசையில் நிற்க. கூட்டிப் பார்த்தால் அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது. 'வருமானம் இல்லைன்னு நானே சொல்லிட்டேனே ஐயா' என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது எங்கள் பிழை.

1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு தொழிற்சாலை விழாவில் பற்றிய தீயில் மாண்ட இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாயாகக் கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தபோது நான் அந்த நோட்டை நினைத்துக்கொண்டேன். 2010இல் பழைய அட்டவணையின் கணக்கே நியாயமற்றது என்று அதே நீதிமன்றம் கண்டித்தது. 2021 ஜனவரியில், நீதிபதி என். வி. ரமணா, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலையே தம் முதன்மைத் தொழில் என்று கூறிய பெண்கள் ஏறத்தாழ 16 கோடி என்பதை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கு ஒரு வருமானம் நிர்ணயிக்க வேண்டும், வருங்கால உயர்வையும் அதனோடு சேர்க்கவேண்டும் என்று எழுதினார். எல்லன்பரோ பிரபுவின் தீர்ப்பிலிருந்து இங்கே வந்துசேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டதனால் மனு எழுதும் மேசைகளில் வழக்கம் மாறிவிடவில்லை. இன்றும் அந்தப் பத்தியில் அதே சொல் எழுதப்பட்டு வருவதை நான் காண்கிறேன்.

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நாளை நீங்கள் கறுப்புக் கோட்டு அணிந்து உங்கள் முதல் விபத்து மனுவைத் தயாரிக்கும்போது, இறந்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணாக இருந்தால், அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், இரவில் எத்தனை மணிக்குப் படுத்தார், இடையில் என்னென்ன செய்தார், அவற்றை இப்போது யார் செய்கிறார், அவருக்கு என்ன கூலி என்று அக்குடும்பத்தாரை உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். வருமானப் பத்தியில் 'இல்லை' என்ற சொல் இருந்தால், தயைசெய்து அந்த மனுவில் கையொப்பமிடாதீர்கள்.